விலகி நிற்பவரின் தேவை: குழந்தைகள் வார்டிலிருந்து தாம்பத்தியம் வரை பிணைப்புக் கோட்பாடு வந்த வழி

கணவன் மனைவிக்கிடையிலும் காதலர்க்கிடையிலும் உருவாகும் நெருக்கத்தைத் தனக்குரிய ஆய்வுப் பொருளாக ஏற்க உளவியலுக்கு நெடுங்காலம் பிடித்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் செல்வாக்குப் பெற்றிருந்த இரண்டு மரபுகளும் அன்பை வேறொன்றின் துணைவிளைவாகவே கண்டன. குழந்தை தாயை நாடுவது பாலுக்காக. பசி தீர்ப்பவள் மேல் பின்னர் பற்று வருகிறது. உளப்பகுப்பாய்வாளர்களும் நடத்தையியலாளர்களும் வேறு எதில் முரண்பட்டாலும் இதில் ஏறத்தாழ ஒன்றுபட்டிருந்தனர். அமெரிக்க நடத்தையியலாளர் ஜான் வாட்சன் 1928-இல் எழுதிய குழந்தை வளர்ப்பு நூலில், பிள்ளைகளைக் கட்டி அணைக்க வேண்டாம், காலையில் கைகுலுக்கினால் போதும் என்றே பெற்றோருக்கு அறிவுரை சொன்னார். வளர்ந்த ஒருவர் இன்னொருவர் மேல் சாய்வது முதிர்ச்சிக் குறைவு என்ற எண்ணமும் இதே மண்ணில்தான் வேர்விட்டது.

இந்த எண்ணத்தை அசைத்தது பிணைப்புக் கோட்பாடு. அது காதலைப் பார்த்துப் பிறந்ததல்ல, பிரிவைப் பார்த்துப் பிறந்தது. அதன் வரலாற்றில் ஒரு கேள்வி மீண்டும் மீண்டும் எழுகிறது: விலகி நிற்பவருக்கு, அழாமல் இருப்பவருக்கு, நெருக்கம் தேவைப்படவில்லையா? தேவைப்படுகிறது என்பதை ஆய்வுகள் படிப்படியாகக் கண்டறிந்த விதத்தையே இக்கட்டுரை தொடர்ந்து செல்கிறது.

லண்டன் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி (1907–1990), திருட்டுப் பழக்கத்துக்காகத் தம்மிடம் கொண்டுவரப்பட்ட 44 சிறார்களைப் பற்றிய ஆய்வை 1944-இல் வெளியிட்டார். அவர்களில் 14 பேரை யாரிடமும் ஒட்டாதவர்கள் என்று வகைப்படுத்தினார். அந்த 14 பேரில் 12 பேர் சிறுவயதில் தாயை நீண்ட காலம் பிரிந்திருந்தவர்கள். சிறிய எண்ணிக்கைதான், பின்னாளில் குறை கூறப்பட்ட ஆய்வுதான். ஆயினும் பவுல்பி தம் வாழ்நாள் முழுதும் பற்றிக்கொண்ட கேள்வி அங்கிருந்தே கிளம்பியது.

அதைவிட வலுவான சான்று மருத்துவமனையிலிருந்து வந்தது. அக்காலப் பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் குழந்தைகளைப் பெற்றோர் பார்க்கக் கடும் கட்டுப்பாடு இருந்தது. பெற்றோர் வந்துபோனால் குழந்தை அழும், வராவிட்டால் இரண்டொரு நாளில் 'சரியாகிவிடும்' என்பது செவிலியரின் அனுபவ அறிவு. பவுல்பியின் உதவியாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன் வார்டிலேயே நாட்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். முதலில் குழந்தை கத்தி எதிர்க்கிறது; அடுத்து சோர்ந்து ஒடுங்குகிறது; கடைசியில் அமைதியாகி, செவிலியரோடு சிரித்து, தாய் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மருத்துவமனை மூன்றாவது நிலையைக் குணம் என்று எண்ணியது. ராபர்ட்சனோ அதைப் பெருங்காயம் என்றார். அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் வார்டில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியை அவர் படம்பிடித்து 1952-இல் மருத்துவர்கள் முன் திரையிட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. ஏழாண்டுகள் கழித்து, 1959-இல், மருத்துவமனையில் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழு, குழந்தைகள் வார்டில் பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்கப் பரிந்துரைத்தது. ஓர் உளவியல் கருத்து இத்தனை வீடுகளின் துயரத்தை நேரடியாகக் குறைத்த நிகழ்வுகள் குறைவு. அந்த நன்றியோடுதான் இதன் பிற்கால வரலாற்றையும் படிக்க வேண்டும்.

1958-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹார்லோ குரங்குக்குட்டிகளை வைத்து நடத்திய சோதனையின் முடிவுகளை வெளியிட்டார். பால் தரும் கம்பிப் பொம்மையை விட்டு, பால் தராத துணிப் பொம்மையையே குட்டிகள் கட்டிக்கொண்டு கிடந்தன. பாலே பற்றின் ஊற்று என்ற வாதம் அத்தோடு ஆட்டம் கண்டது. பவுல்பி 1969, 1973, 1980 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று பெரும் தொகுதிகளில் பிணைப்பைப் பசி போன்ற ஓர் அடிப்படைத் தேவையாக நிறுவினார். ஆபத்தில் நெருங்கியவரை நாடுவது உயிர்பிழைக்க உதவும் இயல்பு என்றும், அது குழந்தைப் பருவத்தோடு முடிவதில்லை என்றும் வாதிட்டார்.

அவரோடு பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வொர்த் 1954-இல் உகாண்டா சென்று தாய்மாரையும் குழந்தைகளையும் வீடுகளில் கவனித்தார். பின்னர் பால்டிமோரில் 26 குடும்பங்களைக் குழந்தையின் முதலாண்டு முழுதும் பின்தொடர்ந்தார். புதிய அறை ஒன்றில் தாய் சற்று வெளியே போய்த் திரும்பும் அவருடைய புகழ்பெற்ற சோதனையில், பெரும்பாலான குழந்தைகள் திரும்பிய தாயிடம் ஆறுதல் பெற்று விளையாட்டுக்குப் போயினர். சிலர் ஒட்டிக்கொண்டே கோபித்தனர். இன்னும் சிலர் தாய் வந்ததையே கவனியாதவர் போல் பொம்மையை உருட்டிக்கொண்டிருந்தனர். இந்த மூன்றாம் வகையினர் தன்னிச்சையானவர்கள், திடமானவர்கள் என்று தோன்றும். 1977-இல் ஸ்ரூஃப், வாட்டர்ஸ் ஆகியோர் இதயத்துடிப்பை அளந்தபோது, விலகி நின்ற குழந்தைகளின் துடிப்பும் பிரிவின்போது உயர்ந்தே இருந்தது. வெளியே அமைதி, உள்ளே பதைப்பு. வார்டில் ராபர்ட்சன் கண்ணால் கண்டதற்கு இப்போது உடலே சாட்சி சொன்னது.

பெரியவர்களின் உறவுக்கு இக்கோட்பாட்டைக் கொண்டுவந்ததும் இழப்பே. 1970-இல் காலின் மரே பார்க்ஸ், லண்டனில் கணவரை இழந்த 22 பெண்களைப் பற்றி எழுதினார். தாயைத் தேடும் குழந்தையைப் போல அவர்களும் இறந்தவரைத் தேடினர். சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1975-இல் மணமுறிவு பற்றிய நூலில் இன்னும் வியப்பான ஒன்றைச் சுட்டினார்: துணையின் மேல் மதிப்போ விருப்பமோ இல்லாமல் தாமாகவே பிரிந்தவர்களும், பிரிந்தபின் அவரை நோக்கி இழுக்கப்பட்டுத் தவித்தனர். காதல் தீர்ந்தபின்னும் பிணைப்பு தீராது என்ற இந்தக் கண்டுபிடிப்புக்கு உரிய மதிப்பை ஆய்வுலகம் இன்னும் தரவில்லை என்பது என் எண்ணம். கசந்த மணவாழ்விலிருந்து வெளியேற முடியாமல் தவிக்கும் ஒருவரைப் பலவீனர் என்று எள்ளுபவர்கள் வைஸைப் படிக்க வேண்டும்.

1985 ஜூலையில் டென்வர் நகரின் 'ராக்கி மவுண்டன் நியூஸ்' நாளிதழில் காதல் பற்றிய வினாத்தாள் ஒன்று வந்தது. சிண்டி ஹேஸான், ஃபிலிப் ஷேவர் இருவரும் எய்ன்ஸ்வொர்த்தின் மூன்று வகைகளையும் பெரியவர்களுக்கேற்ற மூன்று சிறு பத்திகளாக எழுதி, தமக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்குமாறு வாசகரைக் கேட்டனர். பகுப்பாய்வுக்கு எடுத்துக்கொண்ட 620 விடைகளில் 56 விழுக்காட்டினர் பாதுகாப்புணர்வுள்ள பத்தியையும், 25 விழுக்காட்டினர் விலகுபவருக்குரியதையும், 19 விழுக்காட்டினர் பதற்றமும் பற்றும் கலந்ததையும் தேர்ந்தனர். குழந்தைகளிடம் கண்ட விகிதத்துக்கு இது நெருக்கமாக இருந்தது. 1987-இல் வெளியான இந்தக் கட்டுரைக்குப் பிறகு, காதலும் ஒரு பிணைப்பே என்ற பார்வை ஆய்வுத்துறையாகவே வளர்ந்தது.

மூன்று பத்திகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அந்த எளிமை பிற்பாடு ஒரு கேட்டையும் விளைவித்தது. இன்று கைபேசியில் வினாவிடை ஆடி, 'நான் இந்த வகை, நீ அந்த வகை' என்று முத்திரை குத்துகிறார்கள். ஆய்வாளர்களோ அந்த இடத்தை விட்டு என்றோ நகர்ந்துவிட்டனர். 1991-இல் பார்த்தலோமியு, ஹொராவிட்ஸ் இருவரும் விலகுவோரிலேயே நெருக்கம் வேண்டாம் என்போரையும், வேண்டும் ஆனால் அஞ்சுகிறேன் என்போரையும் பிரித்தனர். 1998-இல் பிரென்னன், கிளார்க், ஷேவர் உருவாக்கிய 36 கூற்றுகள் கொண்ட அளவுகோல் வகைகளையே கைவிட்டு, பதற்றம், விலகல் ஆகிய இரண்டும் ஒவ்வொருவரிடமும் எந்த அளவில் உள்ளன என்று பார்த்தது. குழந்தைப்பருவமே தலையெழுத்து என்பதும் நிலைக்கவில்லை. மினசோட்டாவில் 78 பேரைக் குழந்தைப் பருவம் முதல் இருபதுகள் வரை தொடர்ந்து, 2007-இல் சிம்ப்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், தாயுடனான பிணைப்பு பள்ளித் தோழமை வழியாகவும், பதினாறு வயது நட்பு வழியாகவும்தான் காதலை எட்டியது. இடையிலுள்ள ஒவ்வொரு கண்ணியும் மாற வாய்ப்புள்ள இடம்.

அதே சிம்ப்சன் 1992-இல் 83 காதல் இணைகளைக் கொண்டு நடத்திய சோதனை, எனக்கு இத்துறையின் ஆகச் சிறந்த பணியாகப் படுகிறது. பெண்களிடம், பலருக்கும் அச்சம் தரும் ஒரு செயலைச் செய்யப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, துணையோடு ஐந்து நிமிடம் காத்திருக்க வைத்து ஒளிப்பதிவு செய்தனர். பாதுகாப்புணர்வுள்ள பெண்கள் அச்சம் கூடக்கூடத் துணையை அதிகம் நாடினர்; விலகும் இயல்பினர் அச்சம் கூடக்கூட நாடுவதைக் குறைத்தனர். துணை அதிகம் தேவைப்பட்ட நேரத்திலேயே அவர்கள் ஒதுங்கினர். சண்டை நடுவே பேச்சை நிறுத்திவிட்டு அடுத்த அறைக்குப் போகும் கணவனை, மனைவியை, இதை அறிந்தபின் வேறு கண்ணால்தான் பார்க்க முடியும். மணவாழ்க்கை ஆலோசனையில் இந்தப் பார்வையைக் கொண்டுவந்தவர் கனடாவின் சூ ஜான்சன். அக்காலச் சிகிச்சை பலவும் திருமணத்தைக் கொடுக்கல் வாங்கல் பேரமாக நடத்தியபோது, 1986-இலேயே அவர் அதைப் பிணைப்பாகக் காண வேண்டும் என்று எழுதினார்.

இனி ஒரு தடை. விலகலை அளக்கும் கூற்றுகளில் பல, மனத்தில் உள்ளதைத் துணையிடம் வாய்விட்டுச் சொல்வதை நெருக்கத்தின் அடையாளமாகக் கொள்கின்றன. மானிடவியலாளர் மார்கரெட் ட்ராவிக் 1990-இல் ஒரு தமிழ்க் குடும்பத்தின் அன்பைப் பற்றி வெளியிட்ட நூல் காட்டும் வீட்டில், பிள்ளைகள் பல கைகளில் வளர்கின்றனர். அன்பை அடக்கி மறைப்பதே அன்பின் முறையாக இருக்கிறது. அந்த வீட்டில் வளர்ந்த ஒருவர் அளவுகோலின் முன் விலகுபவராகவே பதிவாகக்கூடும். அவர் விலகுகிறாரா, தம் வழக்கப்படி அன்பு செலுத்துகிறாரா என்பதை வினாத்தாள் பிரித்தறியாது. நம்மவரின் மணவாழ்வை ஆராய முனைவோர் மொழிபெயர்த்த கூற்றுகளைக் கொடுத்து மதிப்பெண் கூட்டுவதற்கு முன், ராபர்ட்சன் வார்டில் செய்ததையும் சிம்ப்சன் காத்திருப்பு அறையில் செய்ததையும் செய்ய வேண்டும்: நோயோ பயமோ வந்த நேரத்தில் யார் யாரை நாடுகிறார், நாடப்பட்டவர் என்ன செய்கிறார் என்று பொறுமையாகக் கவனிக்க வேண்டும்.