சதங்கையைக் கழற்றாத பாலசரஸ்வதி

கங்கைகொண்ட சோழபுரம் எங்கள் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. போன முறை மாணவிகளை அழைத்துச் சென்றபோது, நடராசர் சிற்பத்தின் முன் ஒருத்தி கேட்டாள்: “கோயில்ல ஆடின பொம்பளைங்க யாரு டீச்சர்?”

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகள் பெயரோடு இருக்கிறார்கள் என்றேன். பிறகு, ஆடலையே குலத்தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த பாலசரஸ்வதியைப் பற்றிச் சொன்னேன்.

1918இல் சென்னையில் பிறந்தவர். வீணை தனம்மாளின் பேத்தி. 1925இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம். ஆசான் கந்தப்பப் பிள்ளை. தாய் ஜெயம்மாள் பாட, மகள் ஆடுவார். கலை அந்த வீட்டில் தாய்வழிச் சொத்து.

1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்காகப் போராடிய முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அந்த வலியை நெருங்கி அறிந்தவர்கள். சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டுவது ஒழியத்தான் வேண்டும். ஆனால் ஆடிய பெண்களின் பிழைப்புக்கும் கலைக்கும் யாரும் பொறுப்பேற்கவில்லை. அவர்கள் ஆடினால் இழிவு என்றிருந்த சதிர், பரதநாட்டியம் என்ற பெயரில் வேறு வீட்டுப் பெண்களுக்குக் கௌரவமானது.

பாலா சதங்கையைக் கழற்றவில்லை. சிருங்காரத்தை நீக்கிச் சுத்தம் செய்ய இதில் அழுக்கு ஏதுமில்லை என்பதே அவர் நிலை. 1961இல் டோக்கியோ, 1962இல் அமெரிக்கா என்று ஆடினார். 1973இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். 1984இல் மறைந்தார்.

“மத்தவங்க என்ன ஆனாங்க டீச்சர்?” என்றாள் அவள். நம் வரலாறு எழுதப்பட வேண்டியது அந்தக் கேள்வியிலிருந்துதான்.