கோடியில் ஒரு பங்கு



ஆண்டுதோறும் பிப்ரவரி 28ஆம் நாள் நம் பள்ளிகளில் தேசிய அறிவியல் நாள் கொண்டாடப்பெறுகிறது. 1987 முதல் நடந்துவரும் வழக்கம் இது. தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், அந்நாளில் மாணவர் ஆற்றிய சொற்பொழிவுகளை நான் ஏராளமாகக் கேட்டிருக்கிறேன். சர் சி. வி. இராமன் கப்பலேறிச் சென்றார், கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார், இராமன் விளைவைக் கண்டுபிடித்தார், 1930இல் நோபெல் பரிசு பெற்றார், நன்றி, வணக்கம். அத்துடன் பேச்சு முடிந்துவிடும். பரிசு பெற்ற பின்னர் அந்தக் கண்டுபிடிப்பு என்னவாயிற்று என்று ஒரு மாணவனும் சொன்னதில்லை. கேட்ட மாணவனும் இல்லை. உண்மையில் அதன் வரலாறு 1930க்குப் பிறகுதான் சுவைமிக்கதாகிறது. இடையில் அது மங்கிக் கிடந்தது. பின்பு லேசர் என்னும் புதிய ஒளி தோன்றி அதற்கு மறுவாழ்வு தந்தது. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதல் பாடம். ஆகவே நமக்குத் தெரிந்த கடலிலிருந்தே தொடங்குவோம்.

எங்கள் நாகூரில் வெட்டாறு கடலோடு கலக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் முகத்துவாரத்தருகே நின்று பார்த்தால் கரையோரத்து நீர் வண்டல் கலந்து பழுப்பாக இருக்கும். அதற்கு அப்பால் பச்சை. அதற்கும் அப்பால், கட்டுமரமும் படகும் புள்ளியாகத் தெரியும் தொலைவில், நீலம். இந்த நீலம் எங்கிருந்து வருகிறது? வானத்தின் நீலமே நீரில் பிரதிபலிக்கிறது என்று ராலே பிரபு என்ற ஆங்கில விஞ்ஞானி கருதினார். பெரியவர் சொன்னதால் உலகமும் ஏற்றுக்கொண்டது. 1921ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து 'நார்குண்டா' என்னும் கப்பலில் திரும்பிய இராமன் மட்டும் ஏற்கவில்லை. அவர் கையில் நிக்கல் பட்டகம் என்ற சிறு கருவி இருந்தது. நீரின் மேற்பரப்பில் பட்டு வரும் பிரதிபலிப்பைத் தக்க கோணத்தில் அதனைக் கொண்டு மறைத்துவிடலாம். வானத்தின் பிரதிபலிப்பை மறைத்த பின்னும் கடலின் நீலம் குறையவில்லை. முன்னிலும் செறிந்து தோன்றிற்று. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று அவர் முடிவு கட்டினார். நீர் சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்வதும் அந்த நீலத்திற்கு ஒரு முக்கிய காரணம் என்பது இன்றைய அறிவு. எனினும் 'பெரியவர் சொன்னார்' என்று விட்டுவிடாமல், கப்பல் தளத்தில் நின்று சோதித்துப் பார்த்த அந்த மனப்பாங்கிலிருந்துதான் மற்றவையெல்லாம் பிறந்தன.

இராமனுடைய முன்னோர் பழைய தஞ்சை மாவட்டத்தில் நிலம் வைத்து வாழ்ந்த குடும்பத்தினர். அவர் பிறந்தது திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில், 1888 நவம்பர் 7ஆம் நாள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். பகலில் அலுவலகம்; அதற்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி. 1917இல் அரசாங்க வேலையை உதறிவிட்டு, அதனினும் குறைந்த ஊதியத்திற்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். இவை நீங்கள் அறிந்தவையே.

இனி 1928ஆம் ஆண்டின் தொடக்கத்திற்கு வருவோம். இராமனுடன் கே. எஸ். கிருஷ்ணன் என்னும் இளைஞர் பணியாற்றினார். இராமநாதபுரம் சீமையில் வத்திராயிருப்பில் 1898இல் பிறந்தவர். அவர்களுக்கு விளக்கு, சூரியன்! வெயிலைக் கண்ணாடியால் திருப்பி, ஒரு தொலைநோக்கியின் பெரிய வில்லையால் குவித்து, மாசு நீக்கிய திரவத்தின் வழியே செலுத்தினர். வெயிலின் பாதையில் ஊதா வடிகட்டி ஒன்று; பார்ப்பவர் கண்ணுக்கு முன்னால், ஊதாவை முற்றும் தடுக்கும் மஞ்சட்பச்சை வடிகட்டி மற்றொன்று. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் ஒளியே வராது. எனவே இடையில் திரவத்தை வைத்தாலும் இருட்டாகத்தான் இருக்கவேண்டும். இருட்டாக இல்லை. மங்கலாக ஓர் ஒளி தெரிந்தது. சுமார் அறுபது திரவங்களைச் சோதித்தார்கள், எல்லாவற்றிலும் தெரிந்தது. திரவத்துள் நுழைந்த ஊதா ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வெளிவந்திருக்கிறது என்பதே இதன் பொருள்.

ஏன் நிறம் மாறுகிறது? ஒரு சுங்கச்சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒளித்துகள்கள் வழிப்போக்கர், மூலக்கூறு சாவடி. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய வகையில் அதிர்கிறது. அந்த அதிர்வுக்கு வேண்டிய ஆற்றலே அது வாங்கும் சுங்கம். தண்ணீருக்கு ஒரு கட்டணம், பென்சீனுக்கு வேறொன்று, வைரத்திற்கு இன்னுமொன்று. சுங்கம் கொடுத்த ஒளியின் ஆற்றல் குறைகிறது. ஆற்றல் குறைந்தால் அலைநீளம் கூடி நிறம் மாறுகிறது. எவ்வளவு குறைந்தது என்று அளந்தால், அது எந்தச் சாவடியைக் கடந்து வந்தது என்று சொல்லிவிடலாம். பொருளைத் தொடாமல், கரைக்காமல், எரிக்காமல், அது இன்னது என்று அடையாளம் காணும் வழி இதுவே.

பிப்ரவரி 28ஆம் நாள் சூரியனை விட்டுப் பாதரச விளக்கைப் பயன்படுத்திப் பார்த்தபோது, புதிய ஒளி தனித்தனி நிறக்கோடுகளாகப் பிரிந்து நிற்பதைக் கண்டார்கள். ஐயம் நீங்கிற்று. இதற்கு முன்னரே 'நேச்சர்' என்ற இலண்டன் சஞ்சிகைக்கு அனுப்பிய, பிப்ரவரி 16 என்று நாளிட்ட, மார்ச் 31இல் வெளியான முதல் அறிவிப்பில் இராமன், கிருஷ்ணன் ஆகிய இருவர் பெயரும் இருக்கின்றன. பரிசு ஒருவருக்கே வழங்கப்பெற்றது. ஆராய்ச்சியை வகுத்தவரும் ஏழாண்டுகள் விடாது தொடர்ந்தவரும் இராமனே, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த மங்கலான ஒளியை நாள்தோறும் கண் வலிக்கப் பார்த்தவர் கிருஷ்ணன். பின்னாளில் தில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநராகி, 1961இல் மறைந்தார். பிப்ரவரி 28ஆம் நாள் பேச்சுகளில் அவர் பெயர் விடுபடுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை.

இனி இடர்ப்பாட்டைச் சொல்கிறேன். சாவடியைக் கடக்கும் ஒளித்துகள்களில் சுங்கம் செலுத்துபவை எத்தனை? ஏறத்தாழக் கோடியில் ஒன்று. மற்றவை வந்த நிறத்துடனேயே போய்விடுகின்றன. இத்துணை மெல்லிய ஒளியைப் புகைப்படத் தகட்டில் பதிக்கப் பல மணி நேரம், சில வேளை நாட்கணக்கில், விளக்கை அணைக்காமல் காத்திருக்க வேண்டியிருந்தது. வேறொரு தொல்லையும் உண்டு. வழிப்போக்கர் எல்லோரும் வெவ்வேறு தொகையுடன் வந்தால், வெளியே வருபவன் கையிலுள்ளதை மட்டும் எண்ணி அவன் கொடுத்த சுங்கத்தைக் கணக்கிட முடியுமா? வெயிலில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. பாதரச விளக்கு அதனினும் மேல். ஆயினும் அதிலும் பல நிறக்கோடுகள். 1940களில் அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு மூலக்கூறுகளை ஆராயும் கருவிகள் கடைச்சரக்காகக் கிடைக்கத் தொடங்கின. அவை விரைவாக விடை தந்தன. இரசாயன அறிஞர்கள் அப்பக்கம் திரும்பிவிட்டார்கள். பரிசு பெற்ற கண்டுபிடிப்பு ஒரு சில ஆய்வுக்கூடங்களின் மூலையில் ஒதுங்கிற்று.

தேவைப்பட்டது என்ன? வழிப்போக்கர் அனைவரும் ஒரே தொகையுடன், பெருங்கூட்டமாக, நெருக்கமாக வரவேண்டும். அதாவது ஒரே நிறமுடைய, வலிமைமிக்க, சிதறாத ஒளி வேண்டும்.

அத்தகைய ஒளிக்கு வித்து 1917லேயே ஊன்றப்பட்டிருந்தது. கிளர்ச்சியுற்ற ஓர் அணுவின் மேல் தக்க ஒளி பட்டால், அது அந்த ஒளியைப் போன்ற மற்றோர் ஒளியை, அதே திசையில், அதே தாளத்தில் வெளிவிடும் என்று ஐன்ஸ்டைன் காட்டினார். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகலாம். 1954இல் சார்லஸ் டவுன்ஸ் நுண்ணலைகளில் இதனைச் செய்து காட்டினார். 1958இல் அவரும் ஆர்தர் ஷாலோவும் ஒளிக்கும் இது இயலும் என்று எழுதினர். 1960 மே 16ஆம் நாள், கலிபோர்னியாவில் தியோடர் மைமன் சிறிய செயற்கை மாணிக்கக் கோல் ஒன்றைச் சுருள் வடிவான மின்வெட்டு விளக்கினுள் வைத்து, உலகின் முதல் லேசரை எழுப்பினார். அவர் எழுதிய கட்டுரையை ஓர் அமெரிக்கச் சஞ்சிகை திருப்பி அனுப்பிவிட்டது, 'நேச்சர்' வெளியிட்டது. தமிழில் இந்த ஒளியைச் சீரொளி என்பர், பொருத்தமான பெயர். ஒரே நிறம், ஒரே திசை, ஒரே தாளம்.

இவற்றுள் 'ஒரே திசை' என்பதன் பயனைக் காண ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. நம் வயலே போதும். மாடு பூட்டிப் பரம்படித்துச் சமன் செய்தாலும், நீர் பாய்ச்சியதும் மேடுபள்ளம் தெரிந்துவிடும். மேட்டுக்கு நீர் ஏற்றுவதற்காகப் பள்ளத்துப் பயிரை மூழ்கடிக்க நேரும். இப்பொழுது வயலோரம் முக்காலியில் நிறுத்திய லேசர் விளக்கு ஒன்று சுழன்று, வயலின் மேல் கண்ணுக்குத் தெரியாத சமதளம் ஒன்றை ஒளியால் விரிக்கிறது. டிராக்டரின் பின்னாலுள்ள சமன்படுத்தும் தகட்டின் கம்பத்தில் ஓர் உணர்கருவி. தளத்துக்கு மேலோ கீழோ தகடு விலகினால், அது தானே தாழ்ந்தோ உயர்ந்தோ சரிசெய்துகொள்கிறது. ஒன்றிரண்டு அங்குலத்திற்குள் வயல் சமமாகிவிடும். ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா என்று ஏங்கி நிற்கும் கடைமடைக்காரனுக்கு இதன் அருமை தெரியும்.

மீண்டும் நம் வரலாற்றுக்கு வருவோம். 1962இல் பிரேசில் நாட்டவரான செர்ஜியோ போர்ட்டோவும் அவர் தோழர் உட்டும் அமெரிக்காவில் மாணிக்க லேசரைக் கொண்டு இராமன் நிறமாலையைப் பதித்தார்கள். அதே ஆண்டில் விந்தையான ஒரு நிகழ்ச்சியும் நடந்தது. உட்பரி, இங் என்ற இருவர் மாணிக்க லேசரின் ஆற்றலை ஒரே நொடிப்பில் வெளிப்படுத்துவதற்காக, நைட்ரோபென்சீன் நிறைந்த ஒரு கலத்தை அதனுள் வைத்திருந்தனர். மாணிக்கம் தரவேண்டியது 694 நானோமீட்டர் சிவப்பொளி. அத்துடன் சுமார் 767 நானோமீட்டரில், அழையாத விருந்தாளியாக, வலிமைமிக்க வேறோர் ஒளியும் வந்தது! மாணிக்கத்தில் அப்படி ஒரு நிறமே கிடையாது. ஆராய்ந்தபோது குறைந்திருந்த ஆற்றல், நைட்ரோபென்சீன் மூலக்கூற்றின் அதிர்வுக்குச் சரியாகப் பொருந்திற்று. கலத்திலிருந்த திரவம் சுங்கம் வாங்கியிருக்கிறது! அதுவும் கோடியில் ஒன்றாக அன்று, கூட்டங்கூட்டமாக. ஒளி மிக வலிதானால், நிறம் மாறிய ஒளியே மேலும் தன்னைப் போன்ற ஒளியைத் தூண்டிப் பெருக்குகிறது. கல்கத்தாவில் கண்ணை இடுக்கிப் பார்த்த அந்த மினுக்கு, தானே ஒரு லேசர்க் கற்றையாக வெளிவந்தது.

1970 நவம்பரில் மறைந்த இராமன் இவை நிகழ்ந்த காலத்தில் வாழ்ந்திருந்தார். எண்பதை நெருங்கிய வயதில் அவர் பெங்களூரில், தாம் நிறுவிய ஆராய்ச்சிக் கழகத்தில், மலர்களின் நிறத்தையும் பார்வையின் இயல்பையும் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அதன் பின்னர் வளர்ச்சி மிக விரைவு. நாட்கணக்கில் காத்துப் பெற்ற நிறமாலை இன்று சில விநாடிகளில் கிடைக்கிறது. மருந்துத் தொழிற்சாலையில் வந்திறங்கும் மூலப்பொருளை, பிளாஸ்டிக் பையைப் பிரிக்காமலேயே கைக்கருவி ஒன்றால் சோதிக்கிறார்கள். வைரமா, வேறு கல்லா என்று நகை மதிப்பீட்டாளர் அறிகிறார். 1970களில், வெள்ளியின் சொரசொரப்பான பரப்பில் படிந்த மூலக்கூறுகள் இந்த ஒளியைப் பல்லாயிரம் மடங்கு மிகுத்துத் தருவது தெரியவந்தது. 1997இல் ஒற்றை மூலக்கூற்றையே இம்முறையில் கண்டறிந்ததாக ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். நீண்ட தூரக் கண்ணாடி இழைகளில் செய்தி தாங்கி ஓடும் ஒளி இளைத்துப்போகாமல் இருக்க, இழையினுள்ளேயே வலிய லேசர் ஒளியைச் செலுத்துவதுண்டு. கண்ணாடி அதனிடம் வாங்கும் சுங்கம் போக எஞ்சிய ஒளி, செய்தி ஒளிக்கு வலுவூட்டுகிறது. 2021 பிப்ரவரி 18இல் செவ்வாயில் இறங்கிய 'பெர்சிவியரன்ஸ்' ஊர்தி, பச்சை லேசரைப் பாறை மீது பாய்ச்சிச் சில மீட்டர் தொலைவிலிருந்தே அதன் கனிமங்களை இராமன் முறையில் இனம் காண்கிறது.

நம் நாடும் வாளாவிருக்கவில்லை. 1964லேயே டிராம்பேயிலுள்ள அணுசக்தி நிலையத்தில் அரைக்கடத்தி லேசர் செய்துவிட்டார்கள். இந்தூரில் 1984இல் இதற்கென்றே ஒரு மையத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. இராஜா இராமண்ணாவின் பெயரை அது இப்போது தாங்கியிருக்கிறது. இன்னொரு செய்தியும் உங்களுக்கு உவப்பாக இருக்கும். இராமன் நிறக்கோடுகளைக் கண்டதற்குச் சரியாக ஓராண்டு கழித்து, 1929 பிப்ரவரி 28ஆம் நாள், சென்னையில் ரங்கசாமி சீனிவாசன் பிறந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் பயின்று, அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். 1981இல், விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியைக் கொண்டுவந்து அதன்மேல் புறஊதா லேசரைச் செலுத்தினார். ஓரம் கருகாமல், மயிரிழையினும் மெல்லியதாகச் செதுக்கப்பட்டது! இன்று கண்ணாடி அணியாமல் பார்ப்பதற்காகக் கருவிழியைச் செதுக்கும் சிகிச்சை அங்கிருந்து பிறந்ததே.

1928இல் பயன்படுத்திய நிறமாலைக் கருவியைக் கல்கத்தா யாதவபுரத்தில் அந்தப் பழைய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தார் பேணி வைத்திருக்கிறார்கள். மேசை மேல் அடங்கிவிடும் அளவினது. கல்விச் சுற்றுலாவில் அந்நகருக்குச் செல்ல வாய்க்கும் மாணவர்கள், ஹௌராப் பாலத்தைப் பார்த்த பிறகு, அரை நாள் ஒதுக்கி அதனையும் பார்த்துவிட்டு வாருங்கள்.