யூ இல்லாத க்யூ

க்யூ எழுத்தை அடுத்து யூ வராமல் எழுதப்படும் சொற்கள் ஆங்கிலத்தில் மிகக் குறைவு. காத், காயித், கோஃப், ஃபகீர், கனாத், சீ எனச் செல்லும் அந்தப் பட்டியலில் பரவலாகத் தெரிந்தவை பெரும்பாலும் ஐந்து எழுத்தைத் தாண்டுவதில்லை. இவற்றில் ஒன்றைக்கூட வாயால் சொல்லாமல் ஓர் ஆங்கிலேயர் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளிவிடலாம். ஸ்கிராபிள் ஆடுபவர்கள் மட்டும் இவற்றை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அதனாலேயே இவை ஆட்டத்துக்காகத் தேடிப் பிடித்த விந்தைச் சொற்கள் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. வரலாறு சொல்வது வேறு. க்யூவும் யூவும் இணைந்தே வர வேண்டும் என்பது இடையில் வந்த வழக்கம். தனித்து நிற்கும் க்யூதான் மூத்தது.

இந்த எழுத்தின் தாயகம் பினீசியா. அங்கே இதன் பெயர் கோஃப். அடித்தொண்டையில் பிறக்கும் ஒருவகைக் ககர ஒலிக்காக அமைந்த எழுத்து அது. சாதாரண ககரத்துக்கு அவர்களிடம் வேறோர் எழுத்து இருந்தது. கிரேக்கர்கள் பினீசிய எழுத்துகளைக் கடன் வாங்கியபோது கோஃப் அவர்களிடம் கொப்பா ஆயிற்று. ஆனால் அந்தத் தொண்டை ஒலி கிரேக்கத்தில் இல்லை. ஒகர, உகர உயிர்களுக்கு முன்னால் மட்டும் சில காலம் கொப்பாவை எழுதிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். தொண்ணூறைக் குறிக்கும் எண்ணாக அது பிழைத்துக்கொண்டது. கொரிந்து நகரம் மட்டும் தன் பெயரின் முதலெழுத்தாகக் கொப்பாவை விடாமல் பிடித்துக்கொண்டு, சிறகு முளைத்த குதிரை பொறித்த வெள்ளி நாணயங்களில் நெடுங்காலம் அச்சிட்டது.

இத்தாலியில் எட்ரஸ்கர்கள் வழியாக எழுத்து லத்தீனுக்கு வந்தபோது ஒரே ககர ஒலிக்கு மூன்று எழுத்துகள் சேர்ந்துவிட்டன. எகர, இகரங்களுக்கு முன் சி, அகரத்துக்கு முன் கே, உகரத்துக்கு முன் க்யூ என்று வேலையைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். பணத்தைக் குறிக்கும் பெகூனியா என்ற சொல்லில் பிற்கால லத்தீன் சி எழுதும் இடத்தில் பழைய கல்வெட்டுகள் சில க்யூ எழுதியிருப்பது இந்தப் பங்கீட்டின் சான்று. பிறகு சி மற்ற இரண்டின் வேலையையும் எடுத்துக்கொண்டது. 'க்வ' என்ற கூட்டொலி மட்டுமே க்யூவுக்கு மிஞ்சியது. யூவோடு அதற்கு ஏற்பட்ட நிலையான உறவு அங்கே தொடங்குகிறது.

பழைய ஆங்கிலத்துக்கு இந்த உறவு தேவைப்படவில்லை. அதே கூட்டொலியைச் சாக்சன் எழுத்தர்கள் சியும் டபிள்யூவும் சேர்த்து எழுதினார்கள். (இன்றைய டபிள்யூவின் இடத்தில் அவர்களிடம் வின் என்ற தனி எழுத்து இருந்தது.) அரசி க்வேன், உயிருள்ளது க்விக், சொல்லுதல் க்வெதன், கொல்லுதல் க்வெல்லன். 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். பிரெஞ்சு முறையில் எழுதிப் பழகிய எழுத்தர்கள் மடங்களிலும் அரசு அலுவலகங்களிலும் அமர்ந்தார்கள். அடுத்த இரண்டு, மூன்று நூற்றாண்டுகளில் இந்தச் சொற்களெல்லாம் க்யூ, யூ என்ற புது உடை போட்டுக்கொண்டன. பிறப்பால் சுத்தமான ஜெர்மானியச் சொல்லான குவீன், பார்வைக்கு லத்தீன் சொல்போல ஆனது இப்படித்தான்.

அந்தக் குடும்பத்துச் சொற்களில் பல இன்று வழக்கொழிந்தோ பொருள் சுருங்கியோ கிடக்கின்றன. குவிக் என்றால் இன்று வேகம். முன்பு அது உயிர். பாதரசத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள குவிக்சில்வர் என்ற பெயருக்கு 'உயிருள்ள வெள்ளி' என்பதே பொருள். நகக்கண்ணில் வலி உறைக்கும் சதைக்கும் இதே சொல்தான். அங்கும் உயிர் என்ற பொருளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. க்வெல்லன் கொலைத் தொழிலை விட்டுவிட்டுக் கலகத்தை அடக்கும் குவெல் ஆயிற்று. க்வெதன் தன் நிகழ்கால வடிவங்களை இழந்து, 'சொன்னான்' என்ற பொருள் தரும் குவோத் என்ற ஒரே இறந்தகால வடிவமாகப் பழைய கதைகளில் தங்கிவிட்டது. உயிலில் சொத்து எழுதிவைப்பதைக் குறிக்கும் பிக்குவீத் அதன் நெருங்கிய உறவு. பெண் என்ற பொதுப்பொருளில் இருந்த குவீன் என்ற மற்றொரு சொல், எழுத்தில் மட்டும் சற்று மாறி, ஒழுக்கம் கெட்டவள் என்ற வசையாகத் தாழ்ந்து பின்பு மறைந்தது. இனிமையானது என்று பொருள்பட்ட குவீம் என்ற அழகான சொல் அடியோடு போய்விட்டது. இழப்பு என்றால் அதுதான்.

இடைக்கால இங்கிலாந்தில் எல்லோரும் யூவுக்குப் பணிந்துவிடவில்லை. கிழக்கே நார்ஃபோக் பகுதியில் க்யூவையும் டபிள்யூவையும் சேர்த்து எழுதினார்கள். 'எப்போது', 'எது' போன்ற வினாச்சொற்கள்கூட அங்கே க்யூவில் தொடங்கின. யூ இல்லாத க்யூவை ஆங்கிலத்தின் சொந்த மண்ணிலேயே காட்டும் சான்று அது. ஸ்காட்லாந்தில் அதே வினாச்சொற்களுக்கு க்யூ, யூ, எச் என்று மூன்று எழுத்துகள் போட்டார்கள். மூச்சோடு தொண்டையில் உரசி வரும் ஒலியைக் காட்ட அவர்கள் கண்ட வழி அது.

ஸ்காட்லாந்தின் இந்த எழுத்துமுறையைக் காக்க ஒருவர் விருந்து மேசையிலேயே வாதாடியிருக்கிறார். எடின்பரோ உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த அலெக்சாண்டர் ஹியூம், பிரித்தானிய மொழியின் எழுத்துமுறை குறித்து 1617 வாக்கில் எழுதிய நூலில் அந்தச் சம்பவத்தைப் பதிவு செய்துள்ளார். இங்கிலாந்தின் பாத் நகரில் படித்தவர்கள் கூடியிருந்த விருந்து ஒன்றில் அது கேலிக்கு ஆளானது. இந்த ஒலி தொண்டையில் பிறக்கிறது, உதட்டெழுத்தான டபிள்யூ அதற்கு எப்படிப் பொருந்தும் என்பது ஹியூமின் கேள்வி. ஒலியியல் என்ற துறைக்குப் பெயர்கூட இல்லாத காலத்தில் பிறப்பிடத்தை வைத்து எழுத்தை அளந்த அந்தக் கூர்மை மதிக்கத்தக்கது. அவருடைய கையெழுத்துப் படி 1865-இல்தான் அச்சேறியது. அதற்குள் ஸ்காட்லாந்து எழுத்துமுறை லண்டன் எழுத்துமுறைக்கு வழிவிட்டு நெடுநாளாகியிருந்தது. கொல்குஹூன், உர்குஹார்ட் போன்ற குடும்பப் பெயர்களில் அந்த மூன்றெழுத்துக் கூட்டு இன்றும் தெரிகிறது.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் க்யூ பகுதியைத் தொகுக்கும் பொறுப்பு வில்லியம் கிரெய்கியிடம் வந்தது பொருத்தமானது. டண்டீயில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர் அவர். அந்தப் பகுதி 1902-இல் வெளியாயிற்று. பின்னாளில் பழைய ஸ்காட்லாந்து மொழிக்கென்றே தனி அகராதியை அவர் தொடங்கினார். 1931-இல் வெளிவரத் தொடங்கிய அது முடிவடைய 2002 ஆனது.

இந்த எழுத்தே தேவையில்லை என்றவர்களும் உண்டு. நாடகாசிரியர் பென் ஜான்சன், அவர் இறந்தபின் 1640-இல் வெளியான ஆங்கில இலக்கணத்தில், கே இருக்கும்போது க்யூ எதற்கு, சாக்சன்கள் இது இல்லாமலேதான் வாழ்ந்தார்கள் என்று வாதிட்டார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1768-இல் வகுத்த ஒலிப்பு நெடுங்கணக்கில் நீக்கிய ஆறு எழுத்துகளில் க்யூவும் ஒன்று.

யூ துணையற்ற க்யூ ஆங்கிலத்துக்குள் மீண்டும் நுழைந்தது அரபியின் வழியாக. அரபியில் ககரம் இரண்டு. அவற்றில் அடித்தொண்டையில் பிறப்பது பினீசியக் கோஃபின் நேர் உடன்பிறப்பு. முந்தைய ஆங்கிலேயப் பயணிகளும் வணிகர்களும் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் சியாலோ கேயாலோ எழுதித் தள்ளினார்கள். அறிஞர்கள் இரண்டையும் பிரித்துக் காட்ட முனைந்தபோது க்யூ கைகொடுத்தது. எழுத்து தன் பழைய ஒலிக்கே திரும்பி வந்தது. தமிழில் பக்கிரி ஆகிவிட்ட ஃபகீர், ஏமனில் பிற்பகல் முழுதும் மென்றுகொண்டிருக்கும் காத் இலை, முகத்திரையான நிகாப், தலாக், சந்தையைக் குறிக்கும் சூக் ஆகியவற்றின் க்யூ அப்படி வந்தது. ஈரானில் மலையடிவாரத்து நிலத்தடி நீரை மண்ணுக்குள்ளேயே சரிவாக வெட்டிய சுரங்கக் கால்வாய் வழியே ஊருக்குக் கொண்டுவரும் கனாத்தும் இந்த வரிசையில் சேரும். 2016-இல் யுனெஸ்கோ பாரசீகக் கனாத்துகள் பதினொன்றை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

இந்த மாற்றம் எவ்வளவு சீரற்று நடந்தது என்பதை அறியத் தமிழர் வாழும் நிலங்களைப் பார்த்தாலே போதும். இந்தியாவில் ஆங்கில ஆட்சி இயற்றிய 1880-ஆம் ஆண்டுச் சட்டம், இஸ்லாமிய நீதிபதியைக் குறிக்கும் காஜி என்ற சொல்லைக் கே, ஏ, இசட், ஐ என்று எழுதியது. இலங்கையின் 1951-ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அதே நீதிபதியை க்யூ, யூ, ஏ, இசட், ஐ என்று எழுதுகிறது. அங்கே தமிழில் காதி நீதிமன்றம் என்பார்கள். அறிஞர்களின் எழுத்துமுறையிலோ க்யூவை அடுத்து நேரே ஏ வருகிறது. தலைவர் என்று பொருள்படும் காயித் என்ற சொல்லுக்கும் இதே கதை. அகராதியில் அதற்கு யூ இல்லை. சென்னை அண்ணா சாலையில் உள்ள காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரியின் ஆங்கிலப் பெயரில் யூ இருக்கிறது. முகமது இஸ்மாயிலுக்கு மக்கள் சூட்டிய காயிதே மில்லத் என்ற பட்டத்தின் முதற்சொல்லும் ஸ்கிராபிள் பலகையில் வைக்கப்படும் நாலெழுத்துச் சொல்லும் ஒன்றே என்பது அந்த யூவால் மறைந்துபோகிறது.

ஐரோப்பிய மொழிகள் பெரிதாக வேலை கொடுக்காமல் விட்ட எழுத்து என்பதால், புதிதாக நெடுங்கணக்கு வகுத்தவர்கள் க்யூவை விருப்பம்போல் எடுத்துக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவில் கோசா மொழிக்கு எழுத்து அமைத்த கிறித்தவ ஊழியர்கள், நாக்கை அண்ணத்தில் ஒட்டிச் சொடுக்கும் ஒலி ஒன்றுக்கு அதைக் கொடுத்தார்கள். நெல்சன் மண்டேலா வளர்ந்த கூனு கிராமத்தின் பெயர் அந்தச் சொடுக்கில்தான் தொடங்குகிறது. அல்பேனியர்கள் 1908-இல் மனஸ்தீர் மாநாட்டில் தங்கள் நெடுங்கணக்கை முடிவு செய்தபோது சகரத்தை ஒத்த ஓர் அண்ண ஒலியை அதற்கு ஒதுக்கினார்கள். அந்நாட்டு லெக் நாணயத்தின் நூற்றில் ஒரு பங்கான கிந்தார் ஆங்கில அகராதிகளுக்குள் வந்தது அப்படி. ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்களிடமிருந்து தோல்படகான உமியாக், கஸ்தூரி எருதின் அடிமயிரான கிவியூட் ஆகியவை வந்தன.

எல்லாவற்றிலும் பெரிய வரத்து சீனத்திலிருந்து. 1958-இல் சீன அரசு பின்யின் என்ற ரோமன் எழுத்துமுறையை ஏற்றது. அதில் க்யூ ஏறக்குறைய 'ச்ச' ஒலி. 1979-இல் அமெரிக்கப் பத்திரிகைகள் பின்யினுக்கு மாறத் தொடங்கின. 1982-இல் அது பன்னாட்டுத் தரமாயிற்று. அதுவரை சி, எச், ஐ என்று எழுதப்பட்ட சீ என்ற உயிராற்றலின் பெயர் க்யூ, ஐ என்ற இரண்டெழுத்தாகச் சுருங்கியது. சிங் அரச மரபும் எழுத்தில் க்யூவுக்கு மாறியது.

ஆங்கிலம் தானே உண்டாக்கியவையும் உண்டு. 1870-களில் கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் உருவாக்கிய தட்டச்சுப்பொறியின் மேல்வரிசை முதல் ஆறு எழுத்துகளை அப்படியே சேர்த்து வாசித்தால் குவெர்ட்டி. மயக்க மருந்தின் நீண்ட ஆங்கிலப் பெயரை யூவுக்கு முன்னால் வெட்டினால் டிராங்க்.

இவற்றையெல்லாம் ஒரே பையில் சேர்த்தது ஸ்கிராபிள். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை இழந்த நியூயார்க் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ், செய்தித்தாள்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி மதிப்பெண் வகுத்தார். ஜேம்ஸ் புருனோ அந்த ஆட்டத்துக்கு 1948-இல் இன்றைய பெயரைச் சூட்டினார். நூறு சில்லுகளில் க்யூ ஒன்றே ஒன்று. மதிப்பு 10. யூ நான்கு. நான்கும் பலகையில் இறங்கிய பிறகு க்யூ கைக்கு வந்தால் சிக்கல். எதிராளி தன் சில்லுகளை முடித்துவிட்டால் இவருக்குப் பத்துக் குறையும், அவருக்குப் பத்துக் கூடும். யூ தேவைப்படாத சொற்களைத் தேடி ஆட்டக்காரர்கள் அகராதிகளைப் புரட்டியதன் காரணம் இந்த இருபது புள்ளி இடைவெளிதான்.

ஐந்து அமெரிக்க அகராதிகளை அலசி 1978-இல் வெளியான அதிகாரபூர்வப் பட்டியலில் காயித், கோஃப், ஃபகீர் போன்றவை இடம்பெற்றிருந்தன. காத்துக்கு 12 புள்ளி, ஃபகீருக்கு 17, கோஃபுக்கு 18. இரண்டெழுத்துச் சீ அதில் இல்லை. வட அமெரிக்கப் போட்டிகளில் அது செல்லுபடியானது 2006-இல். அதோடு ஆட்டத்தின் கணக்கே மாறியது. எழுத்து மதிப்பை மும்மடங்காக்கும் கட்டத்தில் க்யூவை வைத்து, இடவலமாகவும் மேல்கீழாகவும் அந்தச் சொல் அமைந்தால் ஒரே ஆட்டத்தில் 62 புள்ளி. அதுவரை கடைசிவரை கையில் தங்கிவிடுமோ என்று அஞ்சப்பட்ட சில்லு, விரும்பி வாங்கும் சில்லாயிற்று.

இடப்பெயர், நிறுவனப் பெயர்களுக்கு ஸ்கிராபிளில் இடமில்லை. ஆகவே ஈராக், கத்தார் ஆகிய நாடுகளும், குவீன்ஸ்லாந்து, வடபிரதேச வான்சேவை என்ற நீண்ட பெயரின் முதலெழுத்துகளால் 1920-இல் உருவான குவாண்டாஸ் விமான நிறுவனமும், 1971-இல் தொடங்கிய நாஸ்டாக் பங்குச் சந்தையும் பலகைக்கு வெளியே நிற்கின்றன. செய்தித்தாள் படிப்பவர் கண்ணில் நாள்தோறும் படுபவை என்னவோ இவைதான்.