பிரசவ வார்டுக்கு வந்த பால் டின்

கொழுகொழுவென்று ஒரு குழந்தையைப் பார்த்தால் "அமுல் பேபி மாதிரி இருக்கான்" என்பார்கள் கடலூர், சிதம்பரம் பக்கம். அதற்கு முந்தைய தலைமுறைக்கு அது "கிளாக்ஸோ பேபி". பால் பவுடரின் பெயரே ஆரோக்கியத்துக்குப் பெயராகி விட்டது! ஆனால் பத்திரிகை, ரேடியோ எல்லாவற்றையும் விட கம்பெனிகளுக்குப் பிடித்த இடம் வேறு. அதுதான் பிரசவ வார்டு.

வீட்டில் மருத்துவச்சி பிரசவம் பார்த்த காலத்தில் விற்பனையாளர் தெருத்தெருவாக அலைய வேண்டும். ஆஸ்பத்திரியில் அப்படியில்லை. புதிதாகத் தாயானவர்கள் ஒரே இடத்தில், வரிசையாகக் கட்டிலில் இருக்கிறார்கள். அங்கே கொடுக்கப்படும் எதற்கும் டாக்டர் சொன்னது போல ஒரு மதிப்பு வந்துவிடும்.

இலவச சாம்பிள் என்பது வணிகத்தில் பழைய உத்தி. சோப்பு சாம்பிள் பிடிக்காவிட்டால் பழைய சோப்புக்கே திரும்பி விடலாம். பால் பவுடரில் அது அவ்வளவு சுலபமில்லை. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் தாய்ப்பால் சுரக்கும். முதல் சில நாட்கள் புட்டியில் கொடுத்தால் சுரப்பு குறையத் தொடங்கும். இலவச டின் தீரும்போது அடுத்த டின்னைக் காசு கொடுத்து வாங்கியே ஆக வேண்டிய நிலை. காசில்லாத வீட்டில் என்ன செய்வார்கள்? இரண்டு கரண்டிக்குப் பதில் ஒரு கரண்டி, மீதிக்குத் தண்ணீர். அந்தத் தண்ணீரும் சுத்தமில்லை என்றால் வயிற்றுப்போக்கு.

இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். 1939ல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் பேசியபோது அவர் வைத்த தலைப்பு "பாலும் கொலையும்". பல நாடுகளில் விற்பனைப் பெண்களுக்கு நர்ஸ் போலவே சீருடை மாட்டி வார்டுக்குள் அனுப்பினார்கள். (இதைவிட மோசமான வியாபாரத் தந்திரம் இருக்குமா தெரியவில்லை.) 1977ல் அமெரிக்காவில் நெஸ்லே புறக்கணிப்பு தொடங்கியது. 1981 மே மாதம் உலக சுகாதார சபை விற்பனை நெறிமுறையை நிறைவேற்றியது. ஆதரவு 118, எதிர்ப்பு 1. எதிர்த்த அந்த ஒரே நாடு அமெரிக்கா!

இந்தியா 1983ல் தன் சொந்த நெறிமுறையை வெளியிட்டது. தண்டனை இல்லாத நெறிமுறையை யார் மதிப்பார்கள்? எனவே 1992ல் சட்டம் வந்தது, 1993 ஆகஸ்ட் 1 முதல் அமலானது. இலவச சாம்பிள் கூடாது. ஆஸ்பத்திரியில் போஸ்டர் கூடாது. டின் மேல் குழந்தை படமோ, பெண் படமோ கூடாது. 2003 திருத்தம் இரண்டு வயது வரையிலான குழந்தை உணவு விளம்பரம் அனைத்தையும் தடுத்தது. டாக்டர்களின் மாநாட்டுக்குக் கம்பெனிகள் பணம் தருவதையும் தடுத்தது. மீறினால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெரிய கம்பெனிக்கு 5000 ரூபாய் ஒரு நாள் டீச் செலவு கூட இருக்காது.

சட்டத்தின் தேவை குறையவில்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான். 44.9 சதவீதம் சிசேரியன். ஆபரேஷன் முடிந்து அசதியில் படுத்திருக்கும் தாயிடம் "பால் பத்தல" என்று யாராவது சொன்னால் போதும், டின் வந்துவிடும். சிதம்பரம் காமராஜர் மருத்துவமனையானாலும் கடலூர் தலைமை மருத்துவமனையானாலும் கவனிக்க வேண்டிய நேரம் அதுதான்.

எண்ணெய், சோப்புக்கு இந்தச் சட்டத்தில் தடையில்லை. 2015ல் தமிழக அரசே அரசு மருத்துவமனைத் தாய்மார்களுக்குப் பரிசுப் பெட்டகம் கொடுக்க ஆரம்பித்தது. 1000 ரூபாய் மதிப்பில் 16 பொருட்கள். குழந்தைக்கு எண்ணெய், சோப்பு, கொசுவலை, கிலுகிலுப்பை. தாய்க்கு சௌபாக்கிய சுண்டி லேகியம். பால் டின்னும் இல்லை, புட்டியும் இல்லை.