ரத்தத்தை இருட்டாக்கிய படம்

திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞம் கடற்கரையில் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த மாமாவின் கையிலிருந்து ஊசி நழுவியது. எடுக்கப் போனார், விரல் மடங்கவில்லை. வாய் கோணியது. பத்தே நிமிடத்தில் எல்லாம் சரியானது. "ஒண்ணுமில்ல மக்கா" என்று மறுபடி வலையை இழுத்தார். வயது 72. வந்து போனது பக்கவாதத்தின் முன்னோட்டம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்.

ஆஞ்சியோ படத்தில் அடைப்பு இல்லை. பிறகு எம்.ஆர்.ஐ.யில் இன்னொரு வகைப் படம் எடுத்தார்கள். ரத்தம் ஓடும் வழி கன்னங்கரேலென்று இருந்தது. அதைச் சுற்றிய சுவரில் ஓரிடம் மட்டும் தடித்து, வெள்ளையாக ஒளிர்ந்தது. அந்தப் படம் பிறந்த கதையைத் தேடிப் படித்தேன்.

1927-இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ், கழுத்துத் தமனியில் மருந்து செலுத்தி மூளை ரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் காட்டினார். அன்று முதல் மருத்துவம் பார்த்ததெல்லாம் ரத்தம் ஓடும் வழியைத்தான். வழி சுருங்கியிருந்தால் நோய், இல்லையென்றால் இல்லை. 1987-இல் சிகாகோவின் சேமூர் கிளாகோவ் குழு இதய ரத்தக்குழாய்களை ஆராய்ந்து அந்த நம்பிக்கையை உடைத்தது. உள்ளே கொழுப்பு படியப் படிய, குழாய் வெளிப்பக்கமாக விரிந்து கொடுக்கிறது. படிவு 40 சதவீத இடத்தைப் பிடிக்கும்வரை வழி சுருங்குவதே இல்லை. அப்படியானால் பார்க்க வேண்டியது சுவரை அல்லவா?

ஆனால் எம்.ஆர்.ஐ.யில் பளிச்சென்று தெரியும் ரத்தம் சுவரை மறைத்துவிடும். 1990-களின் தொடக்கத்தில் ராபர்ட் எடெல்மன் போன்றவர்கள் ரத்த ஓட்டத்தையே துணைக்கு எடுத்தார்கள். ரேடியோ அலை பட்ட ரத்தம், பதில் தருவதற்குள் அந்த இடத்தை விட்டு ஓடிவிடுகிறது; படத்தில் அங்கே கறுப்பு. ஓடாத சுவர் நின்று பதில் சொல்கிறது. எனக்கு இதைவிட அழகான யுக்தி தெரியாது.

கழுத்தில் இது எளிது. மூளைத் தமனியின் சுவரோ அரை மில்லிமீட்டர்கூட இல்லை. வெளியே மூளைத் தண்டுவட நீர். அதையும் இருட்டாக்க வேண்டும். 3 டெஸ்லா வலிமையுள்ள எம்.ஆர்.ஐ. காந்தங்கள் பரவிய பிறகே அது கைகூடியது. அமெரிக்காவில் 1987-இல் 45 முதல் 64 வயதுவரை உள்ளவர்களைச் சேர்த்துத் தொடங்கிய ஏரிக் (ARIC) என்ற ஆய்வு, 2011 முதல் 2013 வரை, முதியவர்களாகிவிட்ட அவர்களில் ஏறத்தாழ 2,000 பேரின் மூளையைப் படமெடுத்தது. பக்கவாதமே வராத பலரிடமும் தமனிச் சுவரில் படிவு தெரிந்தது.

நம் பக்கத்திலும் தேவை பெரிது. 2009-இல் வெளியான திருவனந்தபுரம் பக்கவாதப் பதிவேடு ஆறு மாதத்தில் 541 பேரைக் கணக்கெடுத்தது. ஆண்டுக்கு, லட்சம் பேருக்கு நகரத்தில் 135, கிராமத்தில் 138. கிராமத்து வேலையும் காற்றும் காப்பாற்றும் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

படமெடுக்கும்போது காதில் பஞ்சு, தட்டுவது போன்ற சத்தம், ஏழெட்டு நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும். விழுங்கினாலே படம் கலங்கும். மாமா கண்ணை மூடி, கடலில் வலை வீசிவிட்டுக் காத்திருப்பதுபோலக் கிடந்தாராம். ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் மாத்திரை தொடங்கியாகிவிட்டது. சுவரின் ஒளிர்வு தணிந்ததா என்று பார்க்க ஆறு மாதம் கழித்து மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"அப்பவும் எச்சில் முழுங்கக் கூடாதா மக்கா?" என்று கேட்டார்.