பால்மரமும் சைக்கிளும்



சைக்கிள் என்றால் நம் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுச் சாமான். பெரியவர்களுக்குப் பழைய நினைப்பு. நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி இந்த மண்ணுக்கு வந்ததற்கே சைக்கிளும் ஒரு காரணம் என்று சொன்னால் சிலர் சிரிக்கக் கூடும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

1817-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் வான் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கரங்களை முன்னும் பின்னுமாக வைத்து மரத்தால் ஒரு வண்டி செய்தார். அதற்கு மிதி கிடையாது. ஏறி உட்கார்ந்து, தரையைக் காலால் உந்தி உந்திப் போக வேண்டும். மிதி வந்தது 1860-களில், பாரிஸ் நகரில். அதன்பின் ஆள் உயரச் சக்கரம் வைத்த வண்டிகள் வந்தன. விழுந்தால் பல்லுப் போச்சு! 1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிள்தான் இன்று நாம் ஓட்டும் வண்டிக்கு மூதாதை. சங்கிலி பின்சக்கரத்தை இழுக்கும்; காலும் தரைக்கு எட்டும்.

ஆனாலும் ஓட்டுகிறவன் இடுப்பு ஒடிந்து போயிற்று. டயர் கெட்டி ரப்பரால் ஆனது. பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்ற மாட்டு வைத்தியர் இருந்தார். தம் மகனின் மூன்று சக்கர வண்டி கடகடவென்று ஆடுவதைப் பார்த்து, ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். அது நடந்தது 1888-இல். மறு ஆண்டே அந்தக் காற்று டயர் பூட்டிய சைக்கிள் பந்தயத்தில் வென்றது. அவ்வளவுதான், வெள்ளைக்காரர் நாடுகளில் ஆணும் பெண்ணும் சைக்கிளுக்குப் பைத்தியமானார்கள். ரப்பர் விலை ஏறியது. அந்த ரப்பரெல்லாம் அப்போது அமேசான் காட்டிலிருந்தும் ஆப்பிரிக்காவின் காங்கோவிலிருந்தும் வந்தது. காங்கோ மக்கள் அதற்காகப் பட்ட அடியும் உதையும் எழுதி முடியாது.

இதற்கிடையில் நம் பேராக் மாநிலத்தில் ஒரு வேலை சத்தமில்லாமல் நடந்திருந்தது. 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 பால்மர விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். நூற்றுக்கு நான்குகூட முளைக்கவில்லை. முளைத்தவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயின. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தலைமுறை மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகிறவர்கள் அரண்மனையையும் பள்ளிவாசலையும் காட்டிவிட்டுத் திரும்பாமல் அந்த மரத்தையும் காட்டினால் நல்லது.

நட்ட மரத்தை நெடுநாள் யாரும் சீண்டவில்லை. தோட்ட முதலாளிகள் காப்பி, காப்பி என்று இருந்தார்கள். சைக்கிள் டயருக்கு ரப்பர் போதவில்லை, பின்னாலேயே மோட்டார் காரும் வந்துவிட்டது என்ற பிறகுதான் காடு அழிந்து பால்மரம் எழுந்தது. 1910-இல் லண்டனில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. மரம் வெட்ட ஆள்? கங்காணி ஊருக்குப் போனார். திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கத்துச் சனங்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள்.

1920-களின் கடைசியில் பல தோட்டங்களில் நாள் சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அரிசி, பருப்பு, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக சைக்கிளுக்கு என்ன மிஞ்சும்? டயருக்குப் பால் எடுத்தவன் பிரட்டுக்கு நடந்தே போனான். சைக்கிளில் வந்தவர் கிராணி. அவர் மணியடித்தால் பாதையை விட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். இதைச் சொல்லும்போது இன்றும் சில பெரியவர்களுக்குக் குரல் மாறிவிடும்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான், அதுவும் சைக்கிளில்! 1941 டிசம்பரில் கோத்தா பாருவிலும் தாய்லாந்துக் கரையிலும் இறங்கிய படையில் ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஏறக்குறைய 6,000 சைக்கிள்கள் இருந்தன. போருக்கு முன்னே ஜப்பான் சைக்கிள்கள் மலாயாவில் நிறைய விற்றிருந்ததால், பழுது பார்க்கச் சாமானுக்குப் பஞ்சமில்லை. போதாததற்கு ஊராரிடமிருந்தும் பிடுங்கிக் கொண்டார்கள். டயர் கிழிந்தால் வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டுவார்கள். இருட்டில் அந்த இரைச்சலைக் கேட்டு டாங்கி வருகிறதென்று எதிர்ப்படை மிரண்டதுண்டு. கம்பாரில் ஆங்கிலேய, இந்தியச் சிப்பாய்கள் நான்கு நாள் மறித்துச் சண்டை போட்டார்கள். அப்போது நம் லூமுட்டிலிருந்து படகுகளில் புறப்பட்ட ஜப்பானியப் படை ஊத்தான் மெலிந்தாங்கில் கரையேறியது. பின்பக்கம் அடைபடும் என்று கண்டு 1942 ஜனவரி 2-இல் கம்பாரை விட்டுப் பின்வாங்கினார்கள்.

போர் முடிந்தும் நிம்மதியில்லை. 1948 ஜூன் 16 காலை சுங்கை சிப்புட் எல்பில் தோட்டத்துக்கு மூன்று பேர் சைக்கிளில் வந்து துரையைச் சுட்டுக் கொன்றார்கள். அன்று அவசர காலம் பிறந்தது. 1960 வரை நீடித்தது.

கொரியப் போர்க் காலத்தில் ரப்பர் விலை ஏறி, சம்பளமும் கொஞ்சம் ஏறியது. அதற்குப் பிறகே சைக்கிள் மெல்ல மெல்ல லயத்து வாசலுக்கு வந்தது. ராலே, ரட்ஜ், ஹெர்குலிஸ் என்று பெயர். வாங்குவது சீனர் கடையில், தவணைக்கு. ஒரே சைக்கிள்தான், ஆனால் எத்தனை வேலை! விடியலில் வெட்டுக்கு, கேரியரில் பால் வாளி, மாலையில் சாமான் வாங்க, இரவில் பக்கத்துத் தோட்டத்துக்குப் படம் பார்க்க. அப்பா சாப்பிட்டுக் கண்ணயர்ந்ததும் பையன் ஓசையில்லாமல் உருட்டிக்கொண்டு போவான். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. குறுக்குச் சட்டத்துக்குக் கீழே காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து மிதிப்பான். தமிழ்நாட்டில் இதற்குக் குரங்குப் பெடல் என்று பெயர். முழங்காலில் தழும்பு இல்லாத தோட்டத்துப் பிள்ளை உண்டா?

1965-ஆம் ஆண்டு முதல் ஆறாம் வகுப்பு முடித்தவர்கள் நுழைவுத் தேர்வில்லாமல் இடைநிலைப் பள்ளிக்குப் போகலாம் என்றானது. கதவு திறந்தது. ஆனால் பள்ளி பட்டணத்தில், நாமோ தோட்டத்தில். பஸ் பெரிய ரோட்டோடு நின்றுவிடும். உள்ளே செம்மண் பாதை. வீட்டில் சைக்கிள் இருந்த பையன் புகுமுக வகுப்புக்குப் போனான், இல்லாதவன் வெட்டுக் கத்தியைப் பிடித்தான் என்பது பல தோட்டங்களின் கதை. பெண் பிள்ளைகள்? "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு சைக்கிளு?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். எத்தனை படிப்பு அதில் நின்றதோ!

இந்தப் பேச்சுக்குப் பதில் நம் முன்னோர் வந்த மண்ணிலேயே கிடைத்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்துப் பாடத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். கல்குவாரியில் உடைக்கிறவர்களும் வயல் வேலைக்காரிகளும் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காவிட்டால் என்ன, ஆண்கள் சைக்கிளே போதும் என்று ஏறினார்கள். முன் சட்டத்தில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! ஓரிரு ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள். முதலில் கேலி பேசிய ஆண்கள் பிறகு வீட்டுத் தண்ணீரையும் சந்தைச் சரக்கையும் அவர்களிடமே விட்டுவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இங்கே அதற்குள் ஹோண்டா மோட்டார் சைக்கிள் வந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாகி மக்கள் பட்டணம் சேர்ந்தார்கள். அந்நாளில் சைக்கிளுக்கும் லைசென்சு எடுத்து, தகட்டை வண்டியில் மாட்ட வேண்டும். உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் அப்படியொரு தகடோ, டைனமோ விளக்கோ கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் பள்ளிக்குக் கொண்டு வந்து காட்டுங்கள்.