மதில் இடிந்த இடத்தில் எழுந்த சாலை

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் பழைய நகரை வளைத்துச் செல்லும் அகன்ற சாலைக்கு ரிங்ஸ்ட்ராஸே என்று பெயர். ஊரார் சுருக்கமாக ‘ரிங்’ என்பார்கள். வடக்கே டான்யூப் கால்வாய்க் கரையையும் சேர்த்தால் முழுச் சுற்று ஏறத்தாழ 5.3 கிலோமீட்டர், அகலம் 57 மீட்டர். ஓபெரா அரங்கு, பேரரசரின் அரண்மனை, எதிரெதிரே நிற்கும் இரண்டு அருங்காட்சியகங்கள், நாடாளுமன்றம், நகர மன்றம், பல்கலைக்கழகம், நாடக அரங்கு எல்லாம் இந்தச் சாலையிலேயே இருக்கின்றன. பிள்ளைகளைக் கரையேற்றி, பணி ஓய்வும் பெற்று, ஐரோப்பாவைப் பார்க்கப் புறப்படும் வயதான தம்பதியருக்கு வியன்னாவில் இதைவிட வசதியான இடம் இல்லை. நெடுந்தூரம் நடக்க முடியாதவர்களும் டிராமில் உட்கார்ந்தபடியே ஒரு பேரரசின் முகப்பை முழுதும் பார்த்துவிடலாம். கோதிக் கோபுரத்தையும் கிரேக்கத் தூண்களையும் காண்பவர்கள் அவை பல நூற்றாண்டுப் பழையவை என்று எண்ணிக்கொள்வது இயல்பு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை 1860க்கும் 1890க்கும் இடைப்பட்ட ஒரே தலைமுறையில் கட்டப்பட்டவை. அதற்கு முன் அங்கே இருந்தது கோட்டை மதில்.

அந்த மதிலுக்குப் பணம் வந்த வழியே விசித்திரமானது. சிலுவைப் போரிலிருந்து நாடு திரும்பிக்கொண்டிருந்த இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டை 1192 டிசம்பரில் ஆஸ்திரியக் கோமகன் ஐந்தாம் லியோபோல்டின் ஆட்கள் வியன்னாவுக்கு அருகே பிடித்துச் சிறைவைத்தார்கள். அவரை விடுவிக்கக் கிடைத்த பெரும் வெள்ளித் தொகையில் ஒரு பங்கு வியன்னாவின் மதிலைப் பெருக்கிக் கட்டச் செலவாயிற்று. 1529இல் சுல்தான் சுலைமானின் ஒட்டோமான் படை நகரை முற்றுகையிட்டுத் திரும்பிய பிறகு, பீரங்கிக் காலத்துக்கேற்பக் கொத்தளங்கள் எழுந்தன. 1683இல் ஒட்டோமான் தளபதி காரா முஸ்தபா பாஷா மீண்டும் முற்றுகையிட்டபோது அவையே நகரைக் காத்தன. செப்டம்பர் 12 அன்று போலந்து மன்னர் யான் சோபியெஸ்கியின் தலைமையில் வந்த துணைப்படை முற்றுகையை முறியடித்தது.

மதிலுக்கு வெளியே சில இடங்களில் 400 மீட்டருக்கும் மேல் அகலமான வெட்டவெளி விடப்பட்டிருந்தது. பகைவன் மறைந்து நெருங்கிவிடாதபடி அங்கே கட்டடம் கட்டத் தடை இருந்தது. அதற்கு அப்பால்தான் புறநகர்கள். போர் அபாயம் குறையக் குறைய இந்த வெளி மக்களின் உலாவிடமாக மாறியது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேரரசர் இரண்டாம் ஜோசப் அங்கே நடைபாதைகள் அமைத்து மரங்கள் நட்டார். 1809இல் நெப்போலியனின் படை அரண்மனைக்கு எதிரே இருந்த மதில் பகுதியை வெடிவைத்துத் தகர்த்ததும், கோட்டை இனிப் பயன்படாது என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

இருந்தும் மதில் இன்னும் ஐம்பது ஆண்டுகள் நின்றது. காரணம் வெளிப்பகை அன்று. 1848 புரட்சியில் புறநகர்த் தொழிலாளரும் மாணவரும் நகரைக் கைப்பற்றினார்கள். அக்டோபரில் போர் அமைச்சர் லத்தூர் கூட்டத்தாரால் கொல்லப்பட்டார். அதன் பிறகு படைத் தலைவர்களின் கண்ணில் மதில் என்பது அரண்மனையையும் புறநகரையும் பிரிக்கும் அரண் ஆயிற்று. 1853 பிப்ரவரி 18 அன்று கொத்தளத்தின்மேல் உலாவிக்கொண்டிருந்த இளம் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பை யானோஷ் லிபேனி என்ற ஹங்கேரியத் தையற்காரர் கத்தியால் குத்தினார். பேரரசர் உயிர் தப்பியதற்கு நன்றிக்கடனாக அவருடைய தம்பி மாக்சிமிலியன் நிதி திரட்டி எழுப்பியதுதான் இன்று ரிங்கின் வடமேற்கே தெரியும் வோட்டிவ் தேவாலயம்.

நகருக்குள் நெரிசலும் வாடகையும் தாங்க முடியாமல் போகவே, 1857 டிசம்பர் 20 அன்று பிரான்ஸ் ஜோசப் உள்துறை அமைச்சர் பாஹுக்கு மதிலையும் அகழியையும் அகற்றும்படி எழுதினார். கிறிஸ்துமஸ் நாளன்று அந்த ஆணை நகரின் அரசு நாளேட்டில் வெளிவந்தது. 1858 மார்ச்சில் இடிப்பு தொடங்கிற்று. வடிவமைப்புப் போட்டிக்கு 85 திட்டங்கள் வந்தன. பரிசு பெற்ற மூன்றையும் கலந்து 1859இல் இறுதித் திட்டம் உருவாயிற்று. இடிப்பின் புழுதியும் ஓசையும் வியன்னாக்காரர்களுக்கு எவ்வளவு பழகிப்போயின என்றால், இசையமைப்பாளர் இளைய யோஹான் ஸ்ட்ராவுஸ் 1862இல் இடிப்பவர்களின் பெயரிலேயே ஒரு போல்கா நடன இசை அமைத்தார்.

படைத் தலைவர்கள் மதிலை விட்டுக்கொடுத்தாலும் நிபந்தனைகளை விடவில்லை. வளையத்தின் இரு முனைகளிலும் பெரிய படைமுகாம்கள் அமைந்தன. சாலையின் அகலத்துக்கு அழகு மட்டுமே காரணம் இல்லை. குறுகிய தெருவில் தடுப்பு எழுப்புவது எளிது. 57 மீட்டர் அகலத்தில் அது ஆகாத காரியம். குதிரைப்படை தடையின்றி விரையவும் வழி உண்டு.

இவ்வளவு பெரிய வேலை அரசுக் கருவூலத்தின் பணத்தால் நடக்கவில்லை என்பதே இதன் மிகச் சிறந்த கூறு. மதில் நிலமும் வெட்டவெளியும் மனைகளாகப் பிரிக்கப்பட்டுத் தனியாருக்கு விற்கப்பட்டன. அந்தத் தொகை நகர விரிவாக்க நிதியில் சேர்ந்து பொதுக் கட்டடங்களுக்கும் பூங்காக்களுக்கும் செலவாயிற்று. வாங்கியவர்கள் பெரும்பாலும் பழைய பிரபுக்கள் அல்லர். வங்கி முதலாளிகளும் ஆலை அதிபர்களும்தான். அவர்களில் யூதக் குடும்பங்கள் பல. 1860களில்தான் ஆஸ்திரிய யூதர்களுக்கு நிலம் வாங்கும் உரிமையும் முழுச் சம உரிமையும் வந்தன. டோடெஸ்கோ, எப்ஸ்டைன், எஃப்ருசி குடும்பங்களின் மாளிகைகள் அந்த உரிமையின் முதல் விளைச்சல். கீழ்த்தளத்தில் கடைகள், முதல் மாடியில் உரிமையாளர், மேல்மாடிகளில் வாடகைக் குடிகள் என்பதே அன்றைய வழக்கம்.

1865 மே 1 அன்று பேரரசரும் பேரரசி எலிசபெத்தும் சாலையைத் திறந்துவைத்தபோது இரு மருங்கும் பாதி வெறுமையாகவே கிடந்தது. முதலில் எழுந்த பெரும் பொதுக் கட்டடம் ஓபெரா. அதைக் கட்டிய ஃபான் டெர் நுல், சிக்கார்ட்ஸ்பர்க் ஆகிய இருவரும் நெருங்கிய நண்பர்கள். வேலை தொடங்கிய பின் எதிரே சாலை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்த்தப்பட்டதால், அரங்கு தரையில் அமுங்கியதுபோல் தோன்றியது. குற்றம் கட்டியவர்களுடையது அன்று. ஆனாலும் பத்திரிகைகளும் காப்பிக்கடைப் பேச்சும் அவர்களை விட்டுவைக்கவில்லை. மனம் உடைந்த ஃபான் டெர் நுல் 1868 ஏப்ரலில் தற்கொலை செய்துகொண்டார். சுமார் பத்து வாரங்களில் சிக்கார்ட்ஸ்பர்க்கும் இறந்தார். 1869 மே 25 அன்று மோட்சார்ட்டின் ‘டான் ஜோவானி’யுடன் அரங்கு திறக்கப்பட்டபோது இருவரும் உயிரோடு இல்லை. இந்தச் சாவுகளால் கலங்கிய பேரரசர் அதன் பிறகு எந்தக் கலைப் படைப்பைப் பற்றியும் பொதுவெளியில் பாராட்டைத் தவிர வேறு எதுவும் சொன்னதில்லை என்று வியன்னாவில் ஒரு வழக்கு உண்டு. இன்று உலகின் சிறந்த ஓபெரா அரங்குகளில் ஒன்றாக எண்ணப்படும் கட்டடத்துக்கு அன்று நேர்ந்த அநீதி இது.

மேற்கே இருந்த அணிவகுப்புத் திடலை மட்டும் படை நெடுநாள் பிடித்து வைத்திருந்தது. மேயர் காயெட்டான் ஃபெல்டரின் முயற்சியால் 1870இல் அது நகருக்குக் கிடைத்தது. அங்கே எழுந்த கட்டடங்களுக்கு வேறுவேறு பாணி தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் இருந்தது. மக்களாட்சி பிறந்த கிரேக்கத்தை நினைவூட்ட, தியோஃபில் ஹான்சன் நாடாளுமன்றத்துக்குக் கிரேக்கத் தூண்களைத் தந்தார். இடைக்காலத்தின் சுதந்திர நகரங்களை நினைவூட்ட, பிரீட்ரிஷ் ஷ்மிட் நகர மன்றத்தைக் கோதிக்கில் எழுப்பினார். இரண்டும் 1883இல் முடிந்தன. அடுத்த ஆண்டு திறந்த பல்கலைக்கழகத்துக்கு மறுமலர்ச்சிக் கால இத்தாலிய வடிவம். 1888இல் திறந்த நாடக அரங்கின் படிக்கட்டு விதானங்களில் இளைஞர் குஸ்தாவ் கிளிம்ட் தம் தம்பியோடும் நண்பரோடும் சேர்ந்து ஓவியம் தீட்டினார். 1898இல் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ், ரிங்கின் குடியிருப்பு முகப்புகள் சுதையைக் கல்லாகக் காட்டும் வேஷம் என்று கடிந்தார். வாடகை வீடுகளைப் பொறுத்தவரை அது சரியான குற்றச்சாட்டு. ஆனால் கட்டடங்களுக்கு இடையே விடப்பட்ட பூங்காக்களையும் திடல்களையும் சேர்த்துப் பார்த்தால், ரிங்கின் உண்மையான வெற்றி அந்த வெளிகளில்தான் இருக்கிறது.

1889இல் திறந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தமிழ் வாசகர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. வியன்னாவில் மதில் இடிக்கத் தொடங்கிய அதே 1858இன் தொடக்கத்தில், ஆஸ்திரியக் கடற்படையின் உலகச் சுற்று ஆய்வுக் கப்பல் நோவாரா இலங்கையிலும் சென்னையிலும் தங்கிச் சென்றது. அந்தப் பயணத்தில் சேர்த்த பொருள்கள் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன.

இத்தனை கட்டடங்களுக்கும் செங்கல் தேவைப்பட்டது. அது நகரின் தெற்கே இருந்த வீனர்பெர்க் சூளைகளிலிருந்து வந்தது. மண் பிசைந்தவர்களும் சூளை வைத்தவர்களும் பெரும்பாலும் பொஹீமியா, மொராவியா பகுதிகளிலிருந்து பிழைக்க வந்த செக் ஏழைகள். பெண்களும் குழந்தைகளும் உட்படக் குடும்பம் குடும்பமாக உழைத்தார்கள். சூளைகளின் உரிமையாளர் ஹைன்ரிஷ் டிராஷே ஓபெராவுக்கு எதிரே தம் பெயரிலேயே ஒரு மாபெரும் மாளிகை கட்டினார். சூளைகள் பங்கு நிறுவனமாக மாறிய பிறகும் தொழிலாளர் நிலை மாறவில்லை. கூலியின் ஒரு பகுதி பணமாக இல்லாமல் தகர வில்லைகளாகக் கொடுக்கப்பட்டது. அவை சூளை வளாகத்துக் கடைகளில் மட்டுமே செல்லும். அங்கே விலை அதிகம், சரக்கு மட்டம். உறங்க இடமில்லாதவர்கள் சூளைகளின் வெப்பத்திலேயே படுத்தார்கள். விக்டர் ஆட்லர் என்ற மருத்துவர் இரகசியமாக உள்ளே புகுந்து கண்டதை 1888 டிசம்பரில் தம் வார இதழில் எழுதினார். நகரம் அதிர்ந்தது. அதே ஆண்டு முடிவில் ஆஸ்திரிய சமூக ஜனநாயகக் கட்சியை ஒன்றிணைத்தவரும் அவரே.

ரிங் சாலை வெளிநாட்டார் பார்க்கும் இடமானது 1873இல். அந்த ஆண்டு மே 1 அன்று பிராட்டர் பூங்காவில் உலகக் கண்காட்சி தொடங்கிற்று. அதை முன்னிட்டு, வூர்ட்டம்பெர்க் கோமகனின் ரிங் மாளிகை இம்பீரியல் ஓட்டலாக மாறியது. ஆனால் மே 9 அன்று பங்குச் சந்தை சரிந்தது. கோடையில் காலரா பரவியது. இரண்டு கோடிப் பேரை எதிர்பார்த்த இடத்தில் ஏறத்தாழ 72 லட்சம் பேர் வந்தார்கள். பலர் நொடித்துப்போனாலும் ஓட்டல்களும் காப்பிக்கடைகளும் நிலைத்தன. 1868 முதல் குதிரை டிராம் ரிங்கில் ஓடிக்கொண்டிருந்தது. நூற்றாண்டின் இறுதியில் மின்சார டிராம் வந்தது. இரட்டைக் குதிரை பூட்டிய ஃபியாக்கர் வண்டிகள் அன்றுபோல் இன்றும் பயணிகளுக்குக் காத்திருக்கின்றன.

1938 மார்ச் 15 அன்று ரிங்கை ஒட்டிய வீரர் திடலில் பெருங்கூட்டத்தின் முன் ஹிட்லர் ஆஸ்திரிய இணைப்பை அறிவித்தார். மாளிகைகளின் யூத உரிமையாளர்கள் சொத்தை இழந்து துரத்தப்பட்டார்கள். 1945 மார்ச் 12 அன்று குண்டுவீச்சில் ஓபெரா எரிந்தது. டிராஷேயின் மாளிகையும் சிதைந்து பின்னர் அகற்றப்பட்டது. அரங்கு மீண்டும் திறந்தது 1955 நவம்பரில், பேத்தோவனின் ‘ஃபிடேலியோ’வுடன்.

2008 வரை 1, 2 எண் டிராம்கள் முழு வளையத்தையும் சுற்றின. இப்போது வழக்கமான டிராமில் செல்பவர்கள் நடுவில் ஓரிடத்தில் மாறியாக வேண்டும். அப்படி மாறும்போது நாடாளுமன்றத்தருகே சற்று இறங்கி நிற்பது நல்லது. பக்கத்திலேயே 1928இல் நிறுவப்பட்ட குடியரசு நினைவுச்சின்னம் இருக்கிறது. அதிலுள்ள மூன்று மார்பளவுச் சிலைகளில் ஒன்று, செங்கல் தொழிலாளரின் துயரை எழுதிய விக்டர் ஆட்லருடையது. 1934இல் சர்வாதிகார அரசு அதை அகற்றியது. 1948இல் அது மீண்டும் அதே இடத்துக்கு வந்தது.